அணைக்கு அந்தப் பக்கம் ஒரு வகுப்பறை!

குழந்தைகளே! கோடை விடுமுறை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாட்டி வீடு, மாம்பழம், கிரிக்கெட், கடற்கரை... இப்படி ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். எனக்கு ஞாபகம் வருவது ஒரு படகும், நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றும்தான்!

கன்னியாகுமரி மாவட்டம் என்றால் முக்கடல் சங்கமம், விவேகானந்தர் பாறை, 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை என்று கடலோரத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே மாவட்டத்தில் பேருந்தில் ஏறி மேற்கு மலைப் பக்கம் போனால், வெயிலே தரையில் விழாத அளவுக்கு அடர்ந்த மழைக்காடு இருக்கிறது. யானை, காட்டெருமை, சிங்கவால் குரங்கு, இருவாச்சிப் பறவை, ராஜநாகம் எல்லாம் வாழும் காடு அது. அந்தக் காட்டுக்குள் குழந்தைகளும் இருக்கிறார்கள். உங்களைப் போலவே பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள்!

2023-ஆம் ஆண்டு மே மாதம், அந்தக் குழந்தைகளுக்காக நடந்த நான்கு நாள் விடுமுறை முகாமுக்கு நான் தொண்டராகப் போயிருந்தேன். அங்கே நான் கற்றுக் கொடுத்தது கொஞ்சம். கற்றுக் கொண்டது நிறைய. ஒரு தப்பும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன், கேளுங்கள்.

படகுப் பயணம்

குலசேகரத்தைத் தாண்டிப் போனால் பேச்சிப்பாறை அணை. கோதையாற்றின் குறுக்கே 1897-ஆம் ஆண்டு தொடங்கி 1906-ஆம் ஆண்டு கட்டி முடித்தார்கள். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மூலம் திருநாள் மகாராஜா ஆட்சிக் காலம். கட்டியவர் மின்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைகிறது அல்லவா? அதற்குத் தண்ணீர் கொடுக்கும் அணைகளில் முக்கியமானது இதுதான்.

அணை கட்டியதும் மலைகளுக்கு நடுவே பெரிய ஏரி போலத் தண்ணீர் நிரம்பியது. அதன் மறுகரையில் தோட்டமலை, தச்சமலை என்று பல குடியிருப்புகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாகனமே படகுதான்! மழைக்காலத்தில் காற்று பலமாக அடித்தால் படகு போகாது. பள்ளிக்கும் போக முடியாது.

நாங்கள் ஐந்து பேர் போனோம். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். காட்டுக்குள் போக அனுமதி வாங்குவது முக்கியம், மறக்காதீர்கள். மே மாதம் என்பதால் தண்ணீர் இறங்கியிருந்தது. சேற்றில் கால் புதையப் புதைய நடந்துதான் படகில் ஏறினோம். கையில் வண்ணப் பென்சில், அட்டைப் படங்கள், கதைப் புத்தகங்கள் எல்லாம் மூட்டை மூட்டையாக இருந்தன. 'மலைப்பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதான்' என்று மனதில் ஒரே பெருமை!

நாங்கள் தங்கிய குடியிருப்பின் பெயரையும் அங்கிருந்தவர்களின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. அவர்கள் வீட்டுக்கு நாம் விருந்தாளி. விருந்தாளி வீட்டு விலாசத்தை ஊரெல்லாம் சொல்லக் கூடாது இல்லையா?

யார் இந்தக் காணிக்காரர்கள்?

இந்த மலைகளின் பழங்குடி மக்களைக் காணிக்காரர்கள் என்று அழைப்பார்கள். தமிழ்நாட்டிலும் பக்கத்துக் கேரளத்திலும் அகத்தியர் மலையைச் சுற்றி வாழ்கிறார்கள். அகத்திய முனிவர்தான் தங்கள் குரு என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழும் மலையாளமும் கலந்தது போலக் காதில் விழும் ஒரு பேச்சுமொழி அவர்களுக்கு உண்டு.

ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தலைவர் உண்டு. அவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். கூட்டம் என்றால் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்பவர் விளிகாணி. 'விளி' என்றால் கூப்பிடுதல். எவ்வளவு பொருத்தமான பெயர் பார்த்தீர்களா! நோய் தீர்க்கவும் பூசை செய்யவும் இருப்பவர் பிலாத்தி. அவர் பாடும்போது கொக்கரை என்ற இரும்புக் கருவியைக் கம்பியால் உரசி ஒலி எழுப்புவார்கள்.

முன்பெல்லாம் உயர்ந்த மரங்களின் மேல் ஏறுமாடம் கட்டி இரவில் தங்குவார்கள். பயிரைக் காவல் காக்கவும், யானையிடமிருந்து தப்பவும் இந்த மர வீடு. ஈற்றை என்ற மெல்லிய மூங்கில் வகையால் சுவரும் கூரையும் வேய்வார்கள். கூடையும் பாயும் முடைவார்கள். இப்போது சிமெண்டு வீடுகளும் வந்துவிட்டன. மரச்சீனி, வாழை, நல்ல மிளகு, ரப்பர் எல்லாம் பயிர் செய்கிறார்கள். தேன் எடுக்கிறார்கள்.

முதல் நாள் முட்டை மார்க்!

முதல் நாள் காலை முப்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். நான் அட்டைப் படங்களை எடுத்தேன். ஆப்பிள், ஸ்ட்ராபெரி, பனிமனிதன், ரயில், எஸ்கலேட்டர்... ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஆப்பிளுக்கு மட்டும் இரண்டு பேர் வாய் திறந்தார்கள்.

"சொல்லுங்க, பயப்படாதீங்க" என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்து கொண்டார்கள். ஒரு சின்னப் பையன் மெல்ல நழுவி வேலிப் பக்கம் போய்விட்டான். மதியத்துக்குள் பாதிப் பிள்ளைகளைக் காணோம்!

'இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று நான் நினைத்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் நான்கு மணிக்கே முகாமை முடித்துவிட்டோம். இருட்டினால் யானை வரும் பாதை அது.

ஓடைக்கரை வகுப்பு

இரண்டாம் நாள் காலை குளிப்பதற்காக ஓடைக்குப் போனோம். வழிகாட்ட ஏழெட்டுப் பிள்ளைகள் கூட வந்தார்கள். அவர்களில் ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு சிறுமி முன்னால் நடந்தாள். முதல் நாள் வாயே திறக்காதவள் அவள்.

நான் ஒரு கொடியைப் பிடிக்கக் கை நீட்டினேன். "டீச்சர், தொடாதீங்க! அரிக்கும்!" என்று கத்தினாள். கையைச் சட்டென்று இழுத்துக் கொண்டேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தாள். இது பிரம்பு. இது ஈற்றை. இதைத் தின்னலாம், அதைத் தின்னக் கூடாது. இது கூவைக்கிழங்கு, மாவாக்கிக் காய்ச்சிக் குடிக்கலாம். மண்ணில் அந்தக் குழி பன்றி தோண்டியது. இந்தச் சாணம் நேற்று ராத்திரி போட்டது, யானை தூரமாய்ப் போயிருக்கும், பயம் இல்லை.

திடீரென்று தலைக்கு மேலே 'புஸ்... புஸ்...' என்று நீராவி ரயில் போவது போல ஒரு சத்தம். நான் பயந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். இருவாச்சிப் பறவை சிறகடிக்கும் சத்தம் அது! "கூட்டுக்கு இரை கொண்டு போகுது. அம்மாப் பறவை மரப்பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கும். அப்பாப் பறவைதான் தீனி கொடுக்கணும்" என்றான் முதல் நாள் நழுவிப் போன அந்தப் பையன்.

அவன் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை அடைத்துக் கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். அந்தக் கீறல் வழியாக ஆண் பறவை பல வாரங்கள் பழம் கொண்டு வந்து ஊட்டும். ஆண் பறவை திரும்பி வராவிட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினிதான்!

ஓடையிலிருந்து திரும்புவதற்குள் நாற்பத்திரண்டு செடி கொடி மரங்களின் பெயரைப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவற்றில் ஆறுதான் தெரிந்திருந்தது. அதாவது அவர்கள் வைத்த பரீட்சையில் நான் பெயில்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பார்க்காத பொருளைக் காட்டிக் கேள்வி கேட்டேன். பதில் வராததும் 'ஒன்றும் தெரியவில்லை' என்று முடிவு கட்டினேன். யாரை எங்கே நிறுத்தி என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தானே மார்க்?

நோட்டுப் புத்தகம் பிறந்தது

அன்று மத்தியானம் அட்டைப் படங்களை மூட்டை கட்டி வைத்தோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தோம். பக்கத்துக்கு ஒரு செடி. இலையின் படம் வரைய வேண்டும். தங்கள் வீட்டில் சொல்லும் பெயரை எழுத வேண்டும். பள்ளிக்கூடத் தமிழில் என்ன பெயர் என்று கண்டுபிடித்துக் கீழே எழுத வேண்டும்.

நழுவிப் போன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்தார்கள். எழுத்துக் கூட்டத் திணறியவர்கள்கூட, 'எங்க வீட்டுப் பெயர்' என்றதும் ஆர்வமாக எழுதினார்கள். 'ற' எங்கே, 'ர' எங்கே என்று சண்டை போட்டார்கள். முதல் நாள் நான் காலை முழுவதும் கத்தியும் நடக்காத தமிழ்ப் பாடம், தானாகவே நடந்தது!

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. ஒரு பையன் படத்துக்குக் கீழே, 'இந்த இலை இன்ன காயத்துக்கு மருந்து' என்று எழுத ஆரம்பித்தான். தூரத்தில் உட்கார்ந்து கூடை முடைந்து கொண்டிருந்த ஒரு தாத்தா எழுந்து வந்தார்.

"மக்களே, பேரு எழுதுங்க, படம் வரையுங்க. மருந்து மட்டும் எழுதாதீங்க. அது எங்க சொத்து" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. நல்ல விஷயத்தை எல்லோருக்கும் சொன்னால் என்ன? தாத்தா அதிகம் பேசவில்லை. பிற்பாடு ஒரு பழைய கதையைப் படித்தபோதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் விளங்கியது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

களைப்பு போக்கிய பச்சை

1987-ஆம் ஆண்டு, கேரளப் பக்கம் உள்ள அகத்தியர் மலைக் காட்டுக்குள் விஞ்ஞானிகள் குழு ஒன்று போனது. தலைமை தாங்கியவர் புஷ்பாங்கதன் என்ற தாவரவியல் அறிஞர். வழிகாட்டியாகக் காணிக்காரர்கள் சிலர் கூடப் போனார்கள். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ சோர்வே இல்லாமல் நடந்தார்கள். நடுநடுவே ஏதோ சின்னக் காயை வாயில் போட்டு மென்றார்கள்.

"அது என்ன?" என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். வழிகாட்டிகள் லேசில் சொல்லவில்லை. 'வெளியாருக்குச் சொல்லக் கூடாத ரகசியம்' என்றார்கள். வெகுநேரம் கேட்ட பிறகே காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை!

திருவனந்தபுரம் அருகே பாலோடு என்ற இடத்தில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அந்தச் செடியை ஆராய்ந்தது. 'ஜீவனி' என்ற மருந்து தயாரானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. கிடைக்கும் பணத்தில் பாதி காணிக்கார மக்களுக்கு என்று முடிவானது. அதற்காகவே 1997-இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளை அமைந்தது. பழங்குடி மக்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி நிகழ்ச்சி என்று உலகமே இதைப் பேசியது.

ஆனால் எல்லோருக்கும் மகிழ்ச்சியா என்றால், இல்லை. 'சிலரிடம் மட்டும் கேட்டுவிட்டு எங்கள் எல்லோருடைய ரகசியத்தையும் கொண்டு போய்விட்டார்களே' என்று வருத்தப்பட்ட காணிக்காரர்களும் இருந்தார்கள்.

பாருங்கள், பாதிப் பணம் கொடுத்த இடத்திலேயே மனத்தாங்கல் வந்திருக்கிறது. கேட்காமலே எடுத்துக் கொண்டு போனால் எப்படி இருக்கும்? அந்தத் தாத்தா சொன்னது நியாயம்தானே? பையன் எழுதிய வரியை அவனே அழித்தான். நோட்டின் முதல் பக்கத்தில், 'இந்தப் புத்தகம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தம். கேட்காமல் யாரும் பிரதி எடுக்கக் கூடாது' என்று எழுதி வைத்தோம். நோட்டை நாங்கள் எடுத்து வரவில்லை. அங்கேயே விட்டு வந்தோம்.

"திரும்ப வருவீங்களா?"

நான்காம் நாள் புறப்படும்போது நோட்டில் பதினெட்டுப் பக்கம்தான் முடிந்திருந்தது. பிள்ளைகள் படகு வரை வந்தார்கள். 'டீச்சர்' போய், 'அக்கா' ஆகியிருந்தேன்.

அந்தச் சிறுமி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றாள். ஜூன் மாதம் அவள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும். அதற்கு வீட்டை விட்டு, விடுதியில் தங்க வேண்டும். 'போவாளா, நின்று விடுவாளா' என்று வீட்டிலேயே ஒரே யோசனை. அவளுடைய அக்கா விடுதியில் மனம் ஒட்டாமல் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாளாம். மலைப் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் படிப்பை விடுகிறார்கள்.

"நீ போ. அரையாண்டு லீவுக்கு நீ ஊருக்கு வருவாய் இல்லையா? அப்போ நானும் வருவேன். மீதிப் பக்கத்தை எழுதுவோம்" என்றேன்.

"வருவேன்னு சொல்லிட்டுப் போறவங்க எல்லாம் வர்றதில்லை. நீங்க திரும்ப வருவீங்களா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பாக" என்றேன்.

குழந்தைகளே, நான் செய்த தப்பு இதுதான். அரையாண்டு விடுமுறைக்கு நான் போகவில்லை!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய பேய்மழை உங்களுக்கு நினைவிருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி எல்லாம் வெள்ளத்தில் தத்தளித்தன. 'மழை, போக முடியாது' என்று எனக்கு நானே காரணம் சொல்லிக் கொண்டேன். ஆனால் மழை சில நாட்களில் ஓய்ந்துவிட்டது. பொங்கல் வந்தது, போகவில்லை. குடியரசு தின விடுமுறை வந்தது, போகவில்லை. ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இருவாச்சிக் கதை ஞாபகம் இருக்கிறதா? இரை கொண்டு வருகிறேன் என்று போன பறவை திரும்பாத கதைதான் இது.

மறுபடியும் படகு

2024 மே மாதம் மறுபடி போனேன். படகு கரையை நெருங்க நெருங்க, பரீட்சைக்குப் படிக்காமல் போகிற மாதிரி வயிற்றைக் கலக்கியது. அவள் பள்ளிக்குப் போனாளோ, இல்லையோ?

போயிருந்தாள்! ஆறாம் வகுப்பு முடித்து விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆனால் அன்று முழுவதும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்பிக் கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். சும்மா தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் நோட்டைக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். திறந்து பார்த்தேன். நாற்பது பக்கமும் நிரம்பியிருந்தது! கூடவே நூல் கோத்துச் சேர்த்த பன்னிரண்டு பக்கங்கள்.

"நீங்க வரல. நாங்களே எழுதிட்டோம்" என்றாள்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. விடுதியில் இருந்தபோது, தோழிகள் அவளுடைய பேச்சைக் கேட்டு முதலில் கேலி செய்தார்களாம். அரையாண்டு விடுமுறை முடிந்து போகும்போது அவள் நோட்டை எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறாள். அப்புறம் தோழிகளே, 'இது என்ன இலை, அது என்ன மரம்' என்று அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதிக் கொண்டார்களாம். "பிரதி எடுக்க நான்தான் அனுமதி கொடுத்தேன்" என்று சொல்லும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அமேசான் காட்டில் நான்கு குழந்தைகள்

அன்று ராத்திரி பிள்ளைகளுக்கு ஓர் உண்மைக் கதை சொன்னேன். நாங்கள் முதல் முகாம் நடத்திய அதே 2023 மே மாதம் நடந்தது அது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்றொரு நாடு. மே 1-ஆம் தேதி, அமேசான் மழைக்காட்டுக்கு மேலே பறந்த சிறிய விமானம் ஒன்று விழுந்துவிட்டது. பெரியவர்கள் மூன்று பேரும் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் குழந்தைகளின் தாய். நான்கு குழந்தைகள் மட்டும் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது. அடுத்தவர்களுக்கு 9 வயது, 4 வயது. கடைக்குட்டிக்கு 11 மாதம்! எல்லோரும் உயிதோதோ என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள்.

ஜாகுவாரும் பாம்பும் உள்ள காட்டில் 40 நாட்கள்! பாட்டி சொல்லிக் கொடுத்த காட்டுப் பாடம்தான் அவர்களைக் காப்பாற்றியது. எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. ராணுவ வீரர்களும் பழங்குடித் தொண்டர்களும் சேர்ந்து தேடினார்கள். ஜூன் 9-ஆம் தேதி நான்கு பேரையும் உயிருடன் கண்டுபிடித்தார்கள். காட்டுக்குள்ளேயே கடைக்குட்டிக்கு முதல் பிறந்த நாளும் வந்து போயிருந்தது!

"முதல்ல சில நாளு என்ன சாப்பிட்டாங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"விமானத்தில் இருந்த மரச்சீனி மாவு" என்றேன்.

"நம்ம மரச்சீனியா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ஆமாம், நம்ம மரச்சீனிதான்! அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீர்க்க அதைப் பயிர் செய்யும்படி ஊக்குவித்தார். அமேசான் பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே கிழங்கு, நாஞ்சில் நாட்டில் மீன் குழம்போடு தட்டில் இருக்கிறது!

கதை முடிந்ததும் அந்தச் சிறுமி நோட்டைத் தூக்கி மார்போடு வைத்துக் கொண்டாள். "அப்போ இதுவும் பாடப் புத்தகம்தான்" என்றாள்.

நீங்களும் தொண்டராகலாம்!

கல்லூரிக்குப் போனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரலாம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். உங்கள் தெருவிலேயே தொடங்கலாம். தம்பி தங்கைக்குக் கதை படித்துக் காட்டுவதும், வெளியூரிலிருந்து வந்து உங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்குத் துணையாக இருப்பதும் தொண்டுதான்.

போகும் முன் இந்த நான்கையும் மனதில் வையுங்கள்:

1. கேட்டுவிட்டுப் போங்கள். நமக்கு என்ன கொடுக்க ஆசை என்பதைவிட, அவர்களுக்கு என்ன தேவை என்பது முக்கியம்.

2. முதலில் காது கொடுங்கள். பேசாமல் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

3. அவர்கள் சொன்னதை, அவர்கள் வைத்திருப்பதை, அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். புகைப்படமும் அப்படித்தான்.

4. முடியாத வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள். முடியாமல் போனால் உடனே தகவல் சொல்லுங்கள். (இது எனக்கு நானே எழுதிக் கொண்டது!)

தெரிந்து கொள்வோம்!

* அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம் பிடித்தது.

* மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

* கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 2008-இல் உருவானது. பரப்பளவு சுமார் 402 சதுர கிலோமீட்டர்.

* காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது.

* ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் தினம். 1982-இல் அதே நாளில்தான் பழங்குடி மக்களுக்கான ஐ.நா. பணிக்குழு முதன்முதலாகக் கூடியது.

அடுத்த முறை தட்டில் சோறு போட்டதும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நாஞ்சில் நாட்டு நெல்லுக்குப் பாயும் தண்ணீர், காணிக்காரப் பிள்ளைகள் படகில் கடக்கும் தண்ணீர்தான்.

ஒரு செய்தி சொல்ல மறந்துவிட்டேனே! 2024-இல் படகு ஏறும்போது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் 'கண்டிப்பாக வருவேன்' என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உறைக்குள் கடிதம் இல்லை. ஓர் இலையின் படமும், கீழே ஒரு கேள்வியும் மட்டும் இருந்தன.

"இதன் பெயர் என்ன, அக்கா?"

நல்லவேளை, இந்த முறை எனக்குப் பதில் தெரிந்திருந்தது!